வாடகைக்கு விட்ட முகம்

வீட்டுக்குள் இன்னும் அரை மணி நேரத்துக்குத்தான் காற்று இருந்தது. ஆனாலும் அந்த அம்மாள் கதவைத் திறக்கவில்லை.

"மூச்சு முட்டிச் செத்தாலும் சாவேனே தவிர ஒன்னை உள்ள விடமாட்டேன். போடா அந்தாண்ட!"

தணிகாசலத்துக்கு இது பழகிப்போன விஷயம். செவ்வாயின் தரைக்கடியில் இருந்த செங்குடி நகரத்தில் காற்றுக்குழாய் பழுதுபார்ப்பது அவர் வேலை. வாரத்துக்கு இரண்டு மூன்று வீடுகளாவது இப்படித்தான். கைப்பையிலிருந்த குட்டி இயந்திரத்தைக் கதவிடுக்கு வழியாக அனுப்பி, வெளியே நின்றபடியே ஓட்டையை அடைத்துவிட்டுக் கிளம்பினார். உள்ளேயிருந்து நன்றிக்குப் பதிலாக இன்னொரு வசவு வந்தது.

அவர் செய்த குற்றம் ஒன்றுதான். தன் முகத்தை வாடகைக்கு விட்டிருந்தார்.

நடிகர்கள் என்ற இனம் அற்றுப்போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. தொடர்களுக்கு வேண்டிய கதை, குரல், நடை எல்லாவற்றையும் கதைப்பொறி செய்துவிடும். முகம் மட்டும் அதற்குக் கைவரவில்லை. பொறி வரைந்த முகம் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் பார்க்கிறவர்களுக்கு அழுகை வருவதில்லை. அதனால் கம்பெனிகள் உயிரோடிருப்பவர்களின் முகத்தை வாடகைக்கு எடுத்துத் தொடர்களை ஓட்டின. ஒரு காலைப்பொழுது, முகத்தைப் படியெடுக்கும் முகவருடியின் முன்னால் உட்கார்ந்தால் போதும். தணிகாசலம் உட்கார்ந்தார். பதிலுக்குப் பெரிய கூடம் வைத்த வீடு கிடைத்தது. அது மனைவி கமலவேணியின் நெடுநாள் ஆசை.

அந்த முகம் 'முப்பது விநாடி' தொடரின் ரத்னவேலுக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய பூமியில் விளம்பரத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்துக் கதை அது. ரத்னவேல் ஒரு விளம்பரக் கம்பெனியின் முதலாளி. மனைவி சாரதா எழுதிய வாசகங்களைத் தன் பெயரில் விற்றுப் பரிசு வாங்குகிறவன். போன புதன்கிழமை அவன் அதற்கும் மேலே போய்விட்டான். தாயைப் பறிகொடுத்துச் சாரதா கதறியதை ஒளிந்திருந்து படம் பிடித்து, காப்பீட்டு விளம்பரமாக்கி விற்றுவிட்டான். செங்குடியே கொதித்தது.

தணிகாசலம் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடம் நிறைய ஆட்கள். தொடரின் ரசிகர் சபை அவர் வீட்டில்தான் கூடும். வேறு யார் வீட்டிலும் அவ்வளவு பெரிய கூடம் இல்லை. அவர் சத்தம் காட்டாமல் சமையலறைக்குப் போய் எல்லாருக்கும் டீ போட்டார்.

"பெத்த தாய் செத்துக் கெடக்கறா, இவன் வெளிச்சம் பத்தலைன்னு ஜன்னல் திரைய விலக்கறான்! மனுசனா அவன்?" என்று பொரிந்தாள் பக்கத்து வீட்டு பிலோமினா.

"அந்த விளம்பரத்தப் பார்த்து அழுதானுங்களே, அவனுங்கள மொதல்ல ஒதைக்கணும்," என்றார் ஞானசிகாமணி. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். சபையின் தலைவர்.

தணிகாசலம் டீத் தட்டோடு வந்தார். ஒருவரும் தம்ளரை எடுக்கவில்லை.

"இங்க பாருங்க, நான் நடிக்கவே இல்ல. என் மூஞ்சிய மட்டும்தான் குடுத்தேன்," என்றார் அவர்.

"அது எங்களுக்குத் தெரியாதா தம்பி? நாங்க என்ன மடையனுங்களா?" என்றார் ஞானசிகாமணி. "ஆனா அந்தப் பொண்ணு அப்படி அழுதப்ப ஒங்க கண்ணுல துளி ஈரம் இல்லையே, அதத்தான் கேக்கறேன்."

தணிகாசலத்துக்குக் கோபம் தலைக்கு ஏறியது. தட்டை டொக்கென்று கீழே வைத்தார். உதவிக்குக் கமலவேணியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கும் எல்லாம் புரியுது. ஆனா சோத்துல கை வச்சு நிமிர்ந்தா எதிர்ல அவன் ஒக்காந்திருக்கான். எங்கம்மா செத்தப்ப நீங்க தோள் குடுத்து ஆறுதல் சொன்னதுகூட இப்ப நெஜமான்னு சந்தேகமா இருக்கு. அந்த மூஞ்சி இந்த வீட்ல இருக்கற வரைக்கும் நான் எங்க அக்கா வீட்ல இருக்கேன்."

சொன்னபடியே பெட்டியை எடுத்துக்கொண்டு போயும் விட்டாள். இருபது வருடக் குடித்தனம் ஒரு தொடரின் ஒரு காட்சியில் முடிந்துபோனது. எந்த மனிதனுக்குத்தான் ஆத்திரம் வராது?

ஆத்திரத்தோடு அவர் நேரே முகப் பட்டறைக்குப் போனார். செங்குடியில் முகம் மாற்றுவது பெரிய காரியமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளைகள் மாற்றிக்கொள்வார்கள். பட்டறையை நடத்தியதும் தொடர் எடுத்த அதே கம்பெனிதான்.

"கழற்றும் முகம் எங்களுக்கே சொந்தமாகிவிடும். எங்களைக் கேட்காமல் நீங்கள் திரும்ப அணிய முடியாது. சம்மதமா?" என்று கேட்டது எழுத்தர் இயந்திரம்.

"தாராளமா எடுத்துக்க! கொண்டுபோய்க் குப்பையில போடு!"

யாருக்கும் கோபமூட்டாத ஒரு சாதுவான முகத்தை அவரே தேர்ந்தெடுத்தார். தையல் ஆறும்வரை இருட்டறையில் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தார்கள். கட்டு அவிழ்ந்ததும் முதல் வேலையாகக் கமலவேணியின் அக்கா வீட்டுக்கு ஓடினார்.

கமலவேணி கதவைத் திறந்தாள். "யார் வேணும்?"

"நான்தான்டி. குரல் தெரியல? மூஞ்சிய மாத்திட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயையோ! என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க? அந்த மூஞ்சி எங்க?"

"நீதானே வேணாம்னு சொன்னே?"

"அது போன வாரம்!" என்று கத்தினாள் கமலவேணி. "இந்தப் புதன்கிழமை பாக்கலையா? ரத்னவேலு பரிசு மேடையிலயே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு, பரிச சாரதா கையில குடுத்து, அவ கால்ல விழுந்து அழுதாரே! ஊரே அழுதுச்சு. அந்த மூஞ்சிய வச்சிக்கக் குடுத்து வைக்கணும். அதப் போய்த் தொலைச்சிட்டு வந்து நிக்கறீங்களே!"

அவளுக்குப் பின்னால், அக்காவின் சின்னக் கூடத்தில் ரசிகர் சபை நெருக்கியடித்துக்கொண்டு கூடியிருந்தது. நடுநாயகமாக உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்துத் தணிகாசலம் திடுக்கிட்டார். அது அவருடைய மூக்கு, அவருடைய மோவாய். பேசியபோதுதான் அது ஞானசிகாமணி என்று புரிந்தது. பிலோமினா அவரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கமலவேணி உள்ளே திரும்பி, "சார், இன்னும் கொஞ்சம் டீ?" என்று குழைந்தாள்.

தணிகாசலம் பட்டறைக்குத் திரும்ப ஓடினார். வாசலில், 'ரத்னவேல் முகம் இங்கே கிடைக்கும்' என்று ஆளுயர எழுத்துகள் மின்னின. விளம்பரம் என்பது எவ்வளவு கேடு கெட்ட தொழில் என்று இரண்டு வருடம் அழுது காட்டிய கம்பெனி, கடைசியில் எதை விற்றது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தெருமுனைவரை ஆண்கள் கூட்டம். உள்ளே போனவர்கள் வெவ்வேறு முகத்தோடு போனார்கள். இரண்டு நாள் முன்னால் போனவர்கள் ஒரே முகத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

அவர் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் எழுத்தர் இயந்திரத்தின் மேசையைக் குத்தினார்.

"யோவ், அது என் மூஞ்சிய்யா! பொறந்ததுலேர்ந்து என் மூஞ்சி! மரியாதையாத் திருப்பிக் குடு!"

இயந்திரம் தலைநிமிர்ந்து அவரது சாதுவான புது முகத்தைப் பார்த்தது. அதன் குரலில் பணிவு குறையவில்லை.

"எல்லா ரசிகர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஐயா. கடைசியில் போய் நில்லுங்கள்."