ஓர் ஆள் நிற்க இடம்

கார் நின்றதும் முதலில் இறங்கியது அத்தானின் தொப்பை. அதன் பின்னாலேயே அத்தானும் இறங்கி, இரண்டு கைகளையும் தூக்கிச் சோம்பல் முறித்து, "அப்பாடா, ஏரி அங்கேயேதான் இருக்கு. எவனும் தூக்கிட்டுப் போகலை" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தானின் அறுவைக்கு முதல் ஆளாகச் சிரிக்கிறவன் இந்தத் தடவை காரில் இல்லை.

சின்னவள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தட்டி எழுப்பினாள். முன்பற்கள் இரண்டும் எடுப்பாக இருந்ததால் அவளுக்கு வீட்டில் முயல் என்று பெயர். முயல் கண்ணைக் கசக்கியபடி நகர்ந்து இறங்கினாள். தூக்கத்திலும் அம்மாவை ஒட்டி உட்காரவில்லை அவள். இருவருக்கும் நடுவில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு சீட் காலியாகக் கிடந்தது.

அதற்காகத்தான் இந்தப் பயணமே.

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அவர்கள் வாடகைக்கு எடுக்கும் வீடு அது. பின்பக்கம் புல்வெளி. புல்வெளி முடிகிற இடத்தில் ஏரி. கரையிலிருந்து தண்ணீருக்குள் ஒரு பலகைத் துறை நீண்டு போகும். அதன் நுனியில் படகு கட்டும் கம்பம் ஒன்று உண்டு. அந்தக் கம்பத்தின் தலையில் கேமராவை உட்கார வைத்து, டைமரைத் தட்டிவிட்டு, பலகைகள் தடதடக்க ஓடி வந்து குடும்ப வரிசையில் நிற்பது சின்னவளின் கணவனுடைய வேலை. அவன் நிற்க முயலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் இடம் விடுவார்கள். முயல் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அவன் வந்து அந்தக் கையைப் பிடிக்கவும் கேமரா 'க்ளிக்' என்கவும் சரியாக இருக்கும். எந்தக் கோடையின் படத்தைப் பார்த்தாலும் எல்லாரும் தெளிவாக இருப்பார்கள்; அவன் மட்டும் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஓரங்கள் கலங்கித் தெரிவான்.

கையில் வைத்து எடுக்கும் படங்களில் வேறொரு கூத்து. இடது மூலையில் அவனுடைய கட்டைவிரல் கட்டாயம் விழும். அத்தான் அவனுக்கு வைத்த பெயரே 'கட்டைவிரல்'தான். "மாப்பிள்ளை, உன் விரலை மட்டும் தனியா ஆல்பம் போடலாம்டா" என்று சீண்டுவார்.

போன கோடையில் ஒரு மத்தியானம், டைமரைத் தட்டிவிட்டு ஓடி வந்தவன் ஈரப் பலகையில் வழுக்கினான். பலகை விளிம்பில் தலை மோதித் தண்ணீருக்குள் போனான். வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்கிறான் என்று நினைத்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேமரா அந்தச் சிரிப்பைத்தான் எடுத்து வைத்திருந்தது. வரிசையில் எல்லாருடைய பல்லும் தெரிகிறது. நடுவில் ஓர் இடம் காலி. அந்த இடத்தை நோக்கி நீண்டிருக்கிறது ஒரு சின்னக் கை.

அன்றிலிருந்து முயல் எங்கே போனாலும் பக்கத்தில் இடம் விட ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேசையில், கட்டிலில், வகுப்பு பெஞ்சில். அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்துவிட்டால் மூச்சு அடைக்கிற மாதிரி அலறுவாள். "அப்பா இன்னும் ஓடி வரலை" என்பதைத் தவிர வேறு பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சோறும் குறைந்தது. மகளும் தன் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று சின்னவளுக்குப் பட்டது.

"அதே இடத்துல, இடம் விடாம, எல்லாரும் ஒட்டி நின்னு ஒரே ஒரு படம் எடுத்துடுவோம்டி" என்று சின்னவளின் அக்காதான் சொன்னாள். "அப்பதான் அவளுக்கு முடிஞ்சதுன்னு புரியும்."

*

சாமான்களை இறக்கிவிட்டுப் புல்வெளிக்கு வந்தார்கள். சின்னவளின் கணவனுக்குச் சிநேகிதன், மெக்கானிக் ஒருவன். எல்லாக் கோடைக்கும் கூடவே வருகிறவன். அதே கேமராவை அவன்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. ஏரி அசையாமல் கிடந்தது. காற்றில் ஊறிப்போன மரத்தின் வாடை.

"டைமர் எல்லாம் வேணாம். நானே கையில வச்சு எடுக்கிறேன் அண்ணி."

அத்தான், அக்கா, சின்னவள் மூன்று பேரும் நின்றார்கள். முயல் தள்ளிப் போய் நின்று கையை நீட்டினாள்.

"வா கண்ணு, அம்மாகிட்ட வா."

"அது அப்பா இடம்மா."

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு மகளை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். முயல் அலறவில்லை. துறையின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். க்ளிக்.

மெக்கானிக் கேமராவின் திரையைப் பார்த்தான். அப்படியே சிலையாகிப் போனான்.

"என்னப்பா, என் தொப்பை அடங்கலையா?" என்று அத்தான் போய் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

படத்தின் இடது மூலையில் ஒரு கட்டைவிரல்.

"உன் விரல்தானே?"

மெக்கானிக் தன் கையைத் தூக்கிக் காட்டினான். அவனுடைய நகங்களில் எந்தச் சோப்புக்கும் போகாத கரி. படத்தில் இருந்த விரல் வெளுத்திருந்தது. ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்த விரல் எப்படிச் சுருங்குமோ, அப்படிச் சுருங்கியிருந்தது.

"வெளிச்சம் பட்டிருக்கும்" என்றார் அத்தான். அந்தப் பதிலை அவரே நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது.

*

மறுநாள் காலை வெயில் ஏறியதும் பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மெக்கானிக்கும் நிக்கட்டும், அவனும் நம்ம ஆளுதானே. ஒரு படம், அப்புறம் கிளம்பிடலாம்" என்றாள் அக்கா. பலகைத் துறைப் பக்கம் போக யாருக்கும் மனமில்லை. சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து கரையோரப் புல்லில் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்தார்கள். அதற்குப் பின்னால் துறை ஆளில்லாமல் நீண்டு கிடந்தது.

மெக்கானிக் டைமரைத் தட்டிவிட்டு வந்து, வரிசையின் ஓரத்தில் அத்தானுக்குப் பக்கத்தில் நின்றான். சின்னவளுக்கும் அக்காவுக்கும் நடுவில் முயல். எங்கும் இடைவெளி இல்லை.

பீப்... பீப்... பீப்...

"எல்லாரும் சிரிங்க" என்றார் அத்தான், சிரிக்காமல்.

தட்.

பலகையில் ஒரு சத்தம்.

தட். தட். தட்.

மெக்கானிக் வரிசைக்கு வந்தாகிவிட்டது. ஆனாலும் யாரோ ஓடி வந்துகொண்டிருந்தார்கள். வெறுங்காலால், ஈரக் காலால். பலகைகள் ஒவ்வொன்றாக அதிர்ந்ததை எல்லாரும் கேட்டார்கள். ஓட்டம் துறையைத் தாண்டிப் புல்லில் இறங்கியது. வெயிலில் வாடியிருந்த புல் ஒருவர் பாதம் அளவுக்குப் படுத்தது. அடுத்தது. அடுத்தது.

யாராலும் அசைய முடியவில்லை.

பீப்பீப்பீப் என்று டைமர் துரிதமானது.

முயல் கையை நீட்டினாள். அந்தச் சின்ன விரல்கள் எதையோ பிடித்து மூடிக்கொண்டன.

க்ளிக்.

அக்காதான் முதலில் அழுதாள். சின்னவள் மகளின் கையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. பனிக்கட்டியைப் பிடித்ததுபோல ஜில்லென்று சிவந்திருந்தது.

முயலின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு.

"அப்பா வந்துட்டாரும்மா. ஆனா நீங்க எல்லாரும் ஒட்டி நின்னுட்டீங்களா, அவருக்கு இடம் பத்தலை."

"முயல்..."

"பரவாயில்லையாம். என்னை அங்க வரச் சொன்னாரு." அவள் ஏரியைக் காட்டினாள். "அங்க நிறைய இடம் இருக்காம்."

*

அதற்குமேல் அந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. மெக்கானிக் கேமராவின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கேமராவைக் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டினான். அத்தான் பெட்டிகளைத் தூக்கினார். சின்னவள் முயலைக் கார் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, விட்டுப்போன செருப்பை எடுக்க வாசற்படிவரைதான் போனாள். செருப்போடு திரும்பியபோது கார்க் கதவு திறந்து கிடந்தது.

சீட் காலி.

"முயல்!"

பதில் பின்பக்கமிருந்து வந்தது. அது குரல் இல்லை.

பீப்... பீப்...

சின்னவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். ஏறுவெயிலில் ஏரி கண்ணைக் கூசவைத்தது. துறையின் நுனியில், கம்பத்தின் தலையில் கேமரா. பூட்டிய டிக்கியில் இருந்த கேமரா. பேட்டரி இல்லாத கேமரா. அதன் சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

கம்பத்தை ஒட்டி, பலகையின் கடைசி விளிம்பில் முயல் நின்றாள். ஒரு கை தண்ணீருக்கு மேல் நீண்டிருந்தது. உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

அப்படிச் சாய்ந்தால் யாரும் நிற்க முடியாது. விழுந்தாக வேண்டும்.

யாராவது கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஒழிய.

சின்னவள் பலகையில் ஏறி ஓடினாள். எந்தப் பலகையில் அவன் வழுக்கினானோ அதே பலகையில் அவள் காலும் வழுக்கியது. முழங்கால் தோல் பிய்ந்தது. தவழ்ந்துபோய் மகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள்.

மகள் வரவில்லை.

அந்தப் பக்கமும் ஓர் இழுப்பு இருந்தது. அதில் முரட்டுத்தனம் இல்லை. வாசலில் நின்று 'வாயேன், நேரமாச்சு' என்று கூப்பிடுகிறவனின் இழுப்பு. அவளுக்கு அந்தக் கையைத் தெரியும்.

பீப். பீப். பீப்.

"அம்மா, நீயும் வர்றியா?" என்றாள் முயல், கண்கள் எங்கேயோ நிலைத்திருக்க.

பீப்பீப்பீப்பீப்...

"என்னங்க." சின்னவளின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "நாங்க சிரிச்சது தப்புதாங்க. இடம் விடாம நின்னதும் தப்புதான். அவ வேணாம். நீங்க அங்க கூப்பிடாதீங்க, நீங்க இங்க வாங்க. இனிமே எங்க போனாலும் உங்களுக்கு நான் இடம் விடறேன். நானே விடறேன். அவ கையை விட்டுடுங்க."

ஏரியில் ஒரு சிற்றலை பலகையின் அடியில் வந்து மோதியது.

இழுப்பு விட்டது. தாயும் மகளும் மல்லாந்து பலகையில் விழுந்தார்கள்.

க்ளிக்.

மெக்கானிக் ஓடி வந்து கேமராவை எடுத்தான். திரையைப் பார்த்தவன் வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றான்.

"என்ன விழுந்திருக்கு?"

"பாக்காதீங்க அண்ணி" என்றான். சுழற்றி, கை வலிக்க, அதை ஏரியின் நடுவுக்கு எறிந்தான். அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று அப்புறமும் அவன் சொல்லவே இல்லை.

*

முயல் தேறிவிட்டாள். தட்டு நிறைய சாப்பிட்டாள். பள்ளிக்கூடக் கதைகளைக் காது புளிக்கப் புளிக்கச் சொன்னாள். அம்மாவின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் இடம் விடுவதை அடியோடு மறந்துவிட்டாள். 'அந்த ஏரிக்குப் போனதே நல்லதாப் போச்சு' என்று அக்கா போனில் அத்தனை பேரிடமும் சொன்னாள்.

சின்னவள் மட்டும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள். "ஆள் வருதா?" என்று யாராவது கேட்டால், "வருது" என்றாள். கட்டிலில் சுவரோரமாக ஒடுங்கிப் படுத்தாள். சில காலைகளில் பக்கத்துத் தலையணை ஈரமாக இருக்கும். உறையைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள்.

பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் ஒன்று கேட்டார்கள். தெருமுனையில் இருந்த ஸ்டூடியோவுக்கு மகளை அழைத்துப் போனாள். ஸ்டூடியோக்காரர் வாயாடி; நீலத் திரையை இழுத்துவிட்டு, விளக்குகளைப் போட்டு, கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார்.

"நடுவுல எதுக்கும்மா இவ்வளவு இடம்? பாப்பாவை ஒட்டி நில்லுங்க. ரெண்டு பேருக்கும் சண்டையா?"

முயல் சிரித்துக்கொண்டே அம்மா பக்கம் நகர்ந்தாள். சின்னவள் அவள் தோளைத் தொட்டு, மெல்லத் திரும்பவும் தள்ளி நிறுத்தினாள்.

"இப்படியே இருக்கட்டுங்க."

"உங்க இஷ்டம்" என்று தோளைக் குலுக்கிக்கொண்டு அவர் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் பதித்தார்.

எங்கேயோ, வாசலுக்கு வெளியே, தடதடவென்று ஒரு சத்தம். நெருங்கியது. நின்றது.

அறையில் ஊறிப்போன மரத்தின் வாடை எழுந்தது. சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினாள். ஜில்லென்று ஏதோ அதற்குள் வந்து அமர்ந்தது.

ஸ்டூடியோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் திருப்தி.

"ஆங், இப்பதான் படம் நிறைஞ்சிருக்கு" என்றார். "சார், ஓடி வந்தீங்களா? நீங்க மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்காம நில்லுங்க."