கசியும் பள்ளிக்கு ஒரு பத்திரம்

செவ்வாய்க் கோளின் செவ்வூரில், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் மூச்சை அடக்கித்தான் பாடம் படிப்பார்கள். படிப்பின் மேல் உள்ள மரியாதையால் அல்ல. காற்றை உள்ளே பிடித்துவைக்கும் பள்ளிக் கூரை கசிந்தது. மணி அடித்தால் எல்லோரும் முகமூடி மாட்டுவார்கள், அடுத்த மணிக்குக் கழற்றுவார்கள். வாய்ப்பாடு ஒப்பிப்பவன் மட்டும் வரிக்கு ஒருமுறை முகமூடியைத் தூக்கிக்கொள்ளலாம்.

மாதக் கடைசிக்குள் புதுக் கூரை போடாவிட்டால் பள்ளியை மூட வேண்டும் என்று பாதுகாப்புத் துறை சொல்லிவிட்டது. நானூறு பிள்ளைகள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வேறு பள்ளி கிடையாது.

மாநகராட்சி நிதி அலுவலர் நப்பின்னை பள்ளிப் பத்திரம் வெளியிட்டாள். பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஊர் கடன் கேட்கிறது. கொடுப்பவருக்கு முப்பது வருடம் வட்டி, முடிவில் முதல், எல்லாம் வீட்டு வரியிலிருந்து. செவ்வூரில் பத்திரம் வாங்குகிறவர்கள் சுரங்கத்தில் வேலை செய்யும் எந்திர மனிதர்களான எந்திரர்கள்தான். சம்பளம் உண்டு, சாப்பாட்டுச் செலவு இல்லை. சேமிக்காமல் என்ன செய்வார்கள்?

விற்பனை நாளன்று மன்றம் நிறைய எந்திரர்கள். பலகையில் பத்திரங்களுக்கான கேட்பு எண்பது விழுக்காட்டைத் தொட்டபோது அவர்களுடைய சங்கத் தலைவர் செங்கோடன் கையைத் தூக்கினார்.

"மேடம், ஒரு சந்தேகம். முப்பது வருசம் இந்தப் பள்ளிக்கூடம் ஓடுமா?"

"கண்டிப்பா சார். ஊர்லயே நல்ல பள்ளிக்கூடம்."

"உங்க பாப்பா எங்க படிக்குது?"

நப்பின்னை தண்ணீர் குடித்தாள். "விடிவெள்ளி அகாடமி."

மன்றத்தில் இருநூறு தலைகள் ஒரே சமயத்தில் கணக்குப் போட்டன. பலகையில் எண்பது, நான்காக இறங்கியது.

"சமைச்சவங்களே சாப்பிடாத ஓட்டல்ல நாங்க எதுக்கு மேடம் சாப்பிடணும்?"

"நீங்கதான் எங்கயுமே சாப்பிட மாட்டீங்களே!"

"அதனாலதான் ஏமாறவும் மாட்டோம்."

அந்தத் தனியார் அகாடமியின் இடம், நப்பின்னை ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது பதிவு செய்தது. அவள் கணவனைப் போனில் அழைத்தாள். "ஏங்க, ஒண்ணு சொல்றேன், கத்தாதீங்க" என்றாள். அவன் கத்தியது முன்வரிசை வரை கேட்டது. எல்லோரும் பார்க்க, மகள் யாழ்மொழியை மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றும் படிவத்தில் கையெழுத்திட்டாள்.

பதினோரு நிமிடத்தில் பத்திரங்கள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. அன்று மாலையே கூரை வேலைக்கு ஆள் இறங்கியது. நப்பின்னை வெகுநாள் கழித்துத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாற்றுச் சான்றிதழ் வாங்க அகாடமிக்குப் போனாள். அலுவலக வாசலில் செங்கோடன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி எந்திரம், மூட்டுகளில் எண்ணெய் பளபளக்க, கழுத்தில் டை. எந்திரர்களும் ஆளுக்கொரு குழந்தையை உருவாக்கி வளர்க்கலாம் என்று அந்த ஆண்டுதான் சட்டம் வந்திருந்தது.

"வாங்க மேடம்! மூணாம் வகுப்புல நேத்து திடீர்னு ஒரு இடம் காலியாச்சாம். என் நல்ல நேரம்."

நப்பின்னை குட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், பத்திரத்துல பாதிய வாங்குனதே நீங்கதான். அங்கயே சேர்க்கலாமே? உங்க புள்ளைக்குக் காத்துகூட வேணாம்."

செங்கோடன் குனிந்து குட்டியின் டையை நேராக்கினார்.

"அது முதலீடு மேடம்," என்றார். "இது புள்ள."