சால்வோ வீட்டுக்குப் போய்விட்டான்

அருளையாவுக்கு அந்த விளையாட்டு மைதானத்தைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. ஒரேத்தோ ஆற்றங்கரையில் பஸ்ஸை விட்டிறங்கி, மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, துருப்பிடித்த கேற்றைத் தள்ளி உள்ளே போனால் இடுப்பளவு பற்றை. அதற்கப்பால் பாதி இடிந்த பார்வையாளர் மேடை. இந்தக் குப்பைமேட்டைத் திருத்தப்போவதாகத்தான் பலெர்மோ முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஆடி மாதம். கோடை முடிய இங்கே ஏதோ போட்டியாம்.

"பேஸ்போல் அண்ணை," என்றான் கூட வேலைக்கு வந்த நகுலேஸ்வரன். யாழ்ப்பாணத்துப் பொடியன். இத்தாலியன் வாசிக்கத் தெரிந்தவன்.

"மட்டை பிடிக்கத் தெரியாதவன் கண்டுபிடிச்ச கிரிக்கெட்டோ?"

மைதானத்துக்கு ஒரு சரித்திரமும் இருந்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் வந்திறங்கிய அமெரிக்கச் சிப்பாய்கள் எலுமிச்சந்தோட்டத்தைத் தறித்து விளையாடிய இடம். அவர்கள் போனபிறகு ஊர்க்காரர் ஒரு கழகம் தொடங்கி, நாட்டிலேயே ஆகக் கடைசிப் பிரிவில் வருசம் தவறாமல் தோற்றார்கள். அறுபத்தொன்றில் அதையும் இழுத்து மூடினார்கள். தோற்கிறதுக்கும் ஒரு கழகமா என்று அருளையா காறித் துப்பினான்.

நகுலேஸ்வரன் நிலத்தில் பதிந்திருந்த வெள்ளை ரப்பர் தட்டைக் காலால் தட்டிக் காட்டினான். ஐந்து மூலை. சின்னப்பிள்ளை கீறிய வீடு மாதிரி, மேலே கூரை கூம்பியிருந்தது.

"மற்ற மூண்டு மூலையையும் தொட்டு ஓடி, இதில வந்து சேரவேணும். இதுக்குப் பேர் காசா. வீடு."

"அதுக்கே இவங்கள் கைதட்டுறவங்கள்? நான் ஒன்பது வருசமா ஓடுறன். ஒருத்தனும் தட்டேல்லை."

அவன் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. மன்னாரில் மனைவி றோசமலரையும், ஒரு வயதுக் குழந்தையாக இருந்த மகள் ஸ்ரெல்லாவையும் விட்டு வந்து ஒன்பது வருசம். அவர்களைக் கூப்பிட எல்லாப் பேப்பரும் சரி, ஒன்றைத் தவிர. அவன் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை வீடு குடும்பத்துக்குப் போதும் என்று உத்தியோகத்தர் வந்து பார்த்து எழுதவேண்டும். அடுத்த நாள் காலைதான் அந்தச் சோதனை. வீட்டு வாசற்படிக் கல்லோ உடைந்து, பள்ளமாகக் கிடந்தது.

ஒரு மணிக்கு மேசன் சால்வோ உட்பட எல்லாரும் சாப்பிட்டுப் படுக்க வீட்டுக்குப் போனார்கள். காவலாளி கலோஜெரோ மட்டும் அருளையாவிடம் வந்து, ஒன்றிலிருந்து நாலு மட்டும் யாரும் மைதானத்தில் நிற்பதில்லை என்றான். அறுபத்தொன்றில் இதே உச்சிப்பொழுதில்தான் ஒரு இளைஞன் மூன்றாம் மூலையிலிருந்து காசாவுக்கு ஓடிவந்து, சறுக்கி விழுந்து, தட்டைக் காத்து நின்றவனோடு மோதிக் கழுத்து முறிந்து செத்தானாம். பயத்தில் அம்பயருக்குக் குரலே எழும்பவில்லை. தீர்ப்பு இன்றுவரை சொல்லப்படவில்லையாம். செத்தவன் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டு திரிகிறானாம்.

"செத்தும் தோத்துப்போனவன்," என்று தமிழில் சொல்லிவிட்டு அருளையா மண்வெட்டியை எடுத்தான். மத்தியானம் படுப்பதற்கு இவர்களுக்கு ஒரு பேய் வேறு தேவையாக இருக்கிறது.

அவனுக்கு அந்தத் தட்டு வேண்டும். நாளைக்கு எப்படியும் குப்பைக்குப் போகப்போகிற தட்டு. வாசற்படிப் பள்ளத்துக்கு அளவாக இருக்கும். குந்தியிருந்து கொத்தத் தொடங்கினான்.

வெயில் வெள்ளையாய் எரிந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற சூட்டுக்காற்று பொசுக்கென்று நின்றது. சில்வண்டுகளும் நிறுத்திவிட்டன. எங்கிருந்தோ எலுமிச்சம் பூ வாசமும், வியர்வையில் ஊறிய தோல் வாசமும் சேர்ந்து வந்தன.

மூன்றாம் மூலைப் பக்கம் காலடி கேட்டது.

நடை இல்லை. ஓட்டம்.

அருளையா நிமிர்ந்து பார்த்தான். ஒருவரும் இல்லை. செம்மண்தான் சிறு சிறு பொட்டாக எழும்பி, எழும்பி, கிட்ட வந்தது.

சர்ர்ர் என்று ஏதோ நிலத்தோடு இழுபட்டு வந்து அவன் முழங்காலடியில் நின்றது. அவன் நெஞ்சிலும் கண்ணிலும் புழுதி அடித்தது. மூச்சு வாங்குகிற சத்தம்.

"சால்வோ?"

தாழ்ந்த குரல். கெஞ்சுகிற குரல்.

"சால்வோ?"

புழுதி நிறைந்த கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த அருளையாவுக்குக் கோபந்தான் முந்தியது. மேசனைத் தேடி வந்த எவனோ பகிடி விடுகிறான்.

"ஓம், ஓம். சால்வோ! ஆ காசா! வீட்டை போயிட்டான், போ!"

மூச்சுச் சத்தம் நின்றது. யாரோ மெதுவாகச் சிரித்தது போலிருந்தது. கண்ணைத் திறந்தபோது மைதானம் வெறுமையாய்க் கிடந்தது. தட்டு தானாகவே பெயர்ந்து அவன் கையில் வந்தது. அங்கே நடந்ததை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை எமிலியானா என்ற உத்தியோகத்தர் கோப்போடு வந்தாள். வாசற்படியில் தட்டுக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அவள் அதில் கால் வைத்து உள்ளே வந்து, அறையை அளந்தாள், யன்னலைத் திறந்து மூடினாள். பிறகு அருளையாவின் தோளுக்கு மேலால் கட்டில் பக்கம் பார்த்துப் புன்னகைத்து, புவோன்ஜோர்னோ என்று வணக்கம் சொன்னாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். கட்டில்தான் இருந்தது.

அவள் ஏதோ வேகமாகக் கேட்டாள். உத்தியோகத்தர் எதைக் கேட்டாலும் "சி, சி" என்று ஓம் போட்டுச் சிரித்தபடி தலையாட்டுவது ஒன்பது வருசப் பழக்கம். ஆட்டினான். அவள் மறுபடி கட்டிலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு, கொஞ்சம் பொறுத்து, பதிலைக் கேட்டவள் போல எழுதிக்கொண்டு போனாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அருளையா அதை மைதானத்துக்கே கொண்டுபோனான். புதுப் புல் விரித்து, மேடைக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நகுலேஸ்வரன் பிறஷை வைத்துவிட்டு வாசித்தான். முகம் மாறியது.

"அண்ணை, மூண்டு பேர் இருக்கலாமாம்."

"பிறகென்ன! நான், அவள், பிள்ளை. சரிதானே?"

"ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கினமாம். இன்னும் ஒராளைத்தான் கூப்பிடலாமாம்." அவன் நிமிர்ந்தான். "உங்களோட ஆர் இருக்கிறது? சால்வோ எண்டு எழுதியிருக்கு."

"அந்த மேசன் என்ர வீட்டுப் பக்கமே வந்ததில்லை."

"உத்தியோகத்தர் பேர் கேட்க, ஆளே சொன்னதாம். நீங்களும் ஓமெண்டு சொன்னதாம்."

அருளையா அவன் பக்கத்தில் குந்தினான். உச்சிவெயிலில் நடந்ததை முதல் முறையாகச் சொன்னான். நகுலேஸ்வரன் குரலைத் தாழ்த்தினான்.

"அது ஆளைத் தேடேல்லை அண்ணை. இந்த விளையாட்டில சால்வோ எண்டால் தீர்ப்பு. ஓடி வந்தவன் தப்பி வீடு சேர்ந்திட்டான் எண்டு அம்பயர் சொல்லுறது. நீங்கள் சொல்லிப்போட்டியள்."

"இல்லையெண்டு மாத்திச் சொல்லுறன்!"

"சொன்ன தீர்ப்பை மாத்தேலாது."

"விசர்க் கதை கதையாதை," என்று கத்தினான் அருளையா. றோசமலரா, பிள்ளையா? செத்தும் தோற்ற ஒருவனுக்காக இதில் எவரை விடுவது? வீட்டுக்கு ஓடினான். தட்டைக் கிண்டி எடுத்துப்போய், பாலத்தில் நின்று ஒரேத்தோ ஆற்றுச் சாக்கடைக்குள் எறிந்தான். எட்டிப் பார்த்து ஒருமுறை துப்பினான்.

"போடா நாயே. உன்ர காசா உதுதான்."

திரும்பி வரும்போது மணி ஒன்று தாண்டிவிட்டது. தெருவில் ஒரு சனமில்லை. எலுமிச்சம் பூ வாசம் தெரு மூலையிலேயே தொடங்கியது.

வாசற்படியில் வெறும் பள்ளம்.

அதிலிருந்து கதவுக்குக் கீழாக, உள்ளே, செம்மண் நீளமாய் இழுபட்டிருந்தது.

அவன் சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் தட்டினான். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டுகிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

"உள்ளை ஆரும் இருக்கிறியளோ?"

கட்டில் கிரீச்சிட்டது. தனக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ்ச் சொல்லை, மைதானத்தில் அருளையாவே கற்றுக்கொடுத்த சொல்லை, பலெர்மோ நாக்கு நிதானமாகச் சொன்னது.

"ஓம்."