கடல் பக்கம் ஒதுங்கிய எண்ணெய்

ஹபீபா பீவி உட்கார மாட்டேன் என்றுவிட்டார். மாநகர் மன்றத்தின் சுற்றுச்சூழல் பிரிவுக்கு முறையிட வருகிறவர்கள் வழக்கமாக மேசையைத் தட்டிச் சத்தம் போடுவார்கள். இவரோ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

"கடைய மூடி நாலு நாளாச்சு மேடம். நேத்தும் சாக்கடையில எண்ணெய்னு உங்க மெஷின் கத்தியிருக்குன்னு சொல்றாங்க. அடுப்பே மூட்டாத கடையிலேர்ந்து எப்படி மேடம் எண்ணெய் வரும்?"

மேசைக்குப் பின்னால் இருந்த நவமணி முறையீடுகளை விசாரிக்கும் அதிகாரி. அவள் யோசித்துவிட்டுத்தான் பேசுவாள். பக்கத்தில் நின்ற உதவியாளன் குணாளனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, வாய் எப்போதும் முந்திக்கொள்ளும். ஹபீபா பீவியின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குச் சீல் வைத்தவனே அவன்தான்.

"பைப்புல தேங்குனது கொஞ்சங்கொஞ்சமா வரும் அக்கா. எத்தன வருஷத்து எண்ணெயோ!"

அந்த அம்மாளின் முகம் சுருங்கிப் போயிற்று. "நாளைக்கு லைசென்ஸ புடுங்கக் கூட்டம் போட்டிருக்கீங்க தம்பி. அது போனாப் போவுது. எங்க வீட்டுக்காரர் இந்த வாரம் ஜும்மாவுக்கே போகல. அழுக்குக் கடைக்காரன்னு நாலு பேர் பாப்பாங்கன்னு கதவச் சாத்திக்கிட்டு வீட்டுலயே தொழுறாரு. அதத்தான் மேடம் என்னால பாக்க முடியல."

நவமணி எழுந்து சோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். "வாங்க, போய்ப் பாத்துடுவோம்."

காரை ஓட்டியது குணாளன். தீபாவளி நெருங்கிவிட்டதால் ஜார்ஜ் டவுன் தெருக்களில் நெரிசல் தாங்கவில்லை. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது, பின்சீட்டில் இருந்த நவமணியிடம் டப்பா ஒன்றை நீட்டினான்.

"பசியாறாம வந்திருப்பீங்க மேடம். நம்ம வீட்டுக்காரி சாந்தினி சுட்ட முறுக்கு. ஓமம் தூக்கலா இருக்கும். ஆர்டர் வந்து குவியுது, ரெண்டு வாரமா வீட்டுல அடுப்பே அணையல லா!"

நவமணி ஒன்றைக் கடித்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றாள். ஹபீபா பீவி வேண்டாமென்று கையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடையின் பின்சந்தில் அகலமான லோங்காங் ஓடியது. சாக்கடைதான், ஆனால் மலைப்பக்கத்து மழைத்தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும். கடைக்குச் சற்றுக் கீழே, தண்ணீரின் குறுக்காக மன்றம் ஓர் ஆரஞ்சு நிற மிதவையைக் கட்டியிருந்தது. அதில் இருந்த பெட்டியில் எண்ணெய் பட்டால் உடனே அலுவலகத்துக்குத் தகவல் போய்விடும். மிதவையைத் தாண்டி ஒரு கோயில், அதையும் தாண்டி ஒரு வரிசை வீடுகள், அப்புறம் கடல்.

"மேல கடை, கீழ மிதவை. நடுவுல வேற எதுவும் இல்ல மேடம்," என்றான் குணாளன். "கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க. என் வீடும் இதே லோங்காங் ஓரம்தான், கோயிலுக்கு அந்தப் பக்கம். என் வீட்டுப் பின்னாடி வர்ற தண்ணிய இவங்க நாசம் பண்ணா நான் சும்மா விடுவேனா?"

நவமணி விளிம்பில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். மிதவையை ஒட்டி எண்ணெய் படர்ந்திருந்தது. அதனோடு சாமந்தி இதழ்களும் அடைந்து கிடந்தன.

"இந்தப் பூ எங்கேர்ந்து வந்திருக்கும் குணா?"

"கோயில்லேர்ந்துதான் மேடம்."

"கோயில் எந்தப் பக்கம்?"

"அதோ, கடல்..." என்று நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். "காத்துல பறந்து வந்திருக்கும் மேடம்."

"இருக்கலாம்," என்றாள் நவமணி. எண்ணெயைக் கொஞ்சம் வழித்து ஒரு வெள்ளைத் துணியில் வடித்தாள். துணியில் தங்கிய பொடிகளைப் பார்த்துவிட்டு அதை மடித்து வைத்துக்கொண்டாள். "கடையத் தொறங்க."

குணாளன் வேண்டாவெறுப்பாகச் சீலைப் பிரித்தான். உள்ளே அடுப்படி துடைத்துவைத்தபடி இருந்தது. தரைக்கடியில் எண்ணெயைத் தேக்கும் தொட்டியை நவமணி திறந்தாள். அது சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. பொரித்த எண்ணெய் வைத்திருந்த தகரத்தை முகர்ந்தாள். மிளகாயும் மஞ்சளும் ஏறிச் செக்கச்செவேலென்று இருந்தது, மீன் வாடை வேறு.

"ஓமம் சேப்பீங்களாக்கா?"

"எங்க சமையல்ல ஓமம் ஏது மேடம்?" என்றார் ஹபீபா பீவி.

மூவரும் மறுபடி லோங்காங் ஓரத்துக்கு வந்தார்கள்.

"மிதவையில எண்ணெய் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கு குணா?" என்று கேட்டாள் நவமணி. "கடையிலேர்ந்து வந்திருந்தா கடைப் பக்கம்தானே தேங்கணும்? இது கடல் பக்கம் ஒதுங்கியிருக்கு, கோயில் பூவோட சேந்து. இப்பத் தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க."

குணாளன் குனிந்து பார்த்தான். சாமந்தி இதழ் ஒன்று கோயில் பக்கமிருந்து மெல்ல ஏறி மிதவையில் வந்து முட்டியது. தண்ணீர் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது!

"காலையில பட்டர்வொர்த்லேர்ந்து பெர்ரியில வரும்போதே கடல் ஏறிக்கிட்டிருந்துச்சு," என்றாள் நவமணி. "கடல் ஏறுனா இந்த லோங்காங் பின்னாடி ஓடும். நம்ம மெஷின் கத்துனதெல்லாம் கடல் ஏறுன நேரம். நேத்தும் அப்படித்தான். நீங்க சீல் வைக்க வந்தப்போ கடல் இறங்கியிருக்கும், தண்ணி ஒழுங்கா ஓடியிருக்கும்."

"அப்படின்னா ஆளு கடல் பக்கம் இருக்கான்!"

"எண்ணெயும் கடை எண்ணெய் இல்ல. வெளுப்பா இருக்கு, மசாலா வாடையே கிடையாது." அவள் துணியைப் பிரித்துக் காட்டினாள். மாவுத் துணுக்கு, எள், ஓமம்.

குணாளனுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. "முறுக்கு, மேடம்! யாரோ வீட்டுல முறுக்கு சுட்டு மிச்ச எண்ணெய லோங்காங்ல ஊத்துறாங்க. கொஞ்ச நஞ்சமா ஊத்தினா இவ்வளவு வராது, ஆர்டர் எடுத்துச் சுடுறவங்கதான். விடக்கூடாது, இன்னிக்கே சம்மன் குடுத்துடலாம். கோயில் தாண்டி இருக்கறதே ஒரு வரிசை வீடுங்க, அதுல யாரு..."

அவன் கண் அந்த வீடுகள் பக்கம் போய் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

நவமணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க வீட்டுல சுட்ட எண்ணெய எங்க ஊத்துறாங்க குணா?"

அவனுக்குத் தெரியாது. புது எண்ணெய்த் தகரங்களைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன். டப்பாக்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவன். பழைய எண்ணெய் என்னவாகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஊரார் வீட்டுப் பைப்பையெல்லாம் நோண்டத் தெரிந்தவனுக்குத் தன் வீட்டுக் கொல்லைப்புறம் தெரியவில்லை. சாந்தினிக்குப் போன் போட்டான்.

"பின்னாடி லோங்காங்லதான். வேற எங்க ஊத்துவாங்க?" அவள் குரல் சந்தில் தெளிவாகவே கேட்டது. "ஏன், என்னாச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டான். ஹபீபா பீவி அங்கேதான் நின்றார். கண்டபடி திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவரோ கடைச் சுவரில் அவன் ஒட்டிய நோட்டீஸையே பார்த்துக்கொண்டு நின்றார். அவமானத்தில் அவனுக்கு அங்கேயே அந்தச் சாக்கடையில் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியலன்னு ரிப்போர்ட்டுல நான் எழுத மாட்டேன்," என்றாள் நவமணி.

"என் பேரப் போடுங்க மேடம். வீட்டுக்குப் பொறுப்பு நான்தான்." நோட்டீஸைக் கிழித்து எடுத்துவிட்டு ஹபீபா பீவியிடம் திரும்பினான். அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. "வீட்டுல அண்ணன்கிட்ட நானே வந்து சொல்றேன் அக்கா."

அவர் வீடு அடுத்த தெருவிலேயே இருந்தது. ஹபீபா பீவி தட்டியதும் கதவு பாதிதான் திறந்தது. கமாலுதீன் முள்தாடியோடு எட்டிப் பார்த்தார். மனைவிக்குப் பின்னால் நின்ற மன்றத்துச் சட்டையைப் பார்த்ததும் பதறிப்போய்க் கதவை முழுசாகத் திறந்துகொண்டு வெளியே வந்தார். குணாளன் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க சார். எங்க அத்தா காலத்துக் கடை. எங்கயோ எங்களுக்குத் தெரியாம தப்பு நடந்து போச்சு. பைப்ப மொத்தமாப் பேத்துட்டுப் புதுசு போட்டுர்றேன். இனிமே உங்களுக்குத் தொந்தரவு வராது."

குணாளன் கைகளை விடுவித்துக்கொள்ள முயன்றான். அவர் விடவில்லை.