ஒளிந்திருந்த வெள்ளை

“இவன்தான்! இவன்தான் விதைத் திருடன்!”

வாலு கத்திய கத்தலில் பள்ளித் தோட்டமே திரும்பிப் பார்த்தது. பஞ்சுவின் கையிலிருந்த பூவாளி சாய்ந்து, தண்ணீர் அவன் காலிலேயே கொட்டியது.

“நான் எதையும் மாத்தல, வாலு.”

“பொய்! எங்க அம்மாவோட அவரை வெள்ளையாத்தான் பூக்கும். ஊற வெக்கிறேன்னு விதையை வீட்டுக்குக் கொண்டுபோனது நீதானே? இங்க பாரு, எல்லாம் ஊதா!”

அந்த விதை, வாலுவின் அம்மா இறப்பதற்கு முன் கடைசியாகப் பறித்துவைத்த காயில் எடுத்தது. வெள்ளைப் பூ பூத்த கொடியில் பறித்ததை வாலுவே பார்த்திருந்தாள். அந்தக் காயை விட்டால் வேறு விதை இல்லை.

கோபத்தில் கொடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். பஞ்சு தடுக்கவில்லை. மணி அடிப்பதற்குள் ‘விதைத் திருடன்’ என்பதே அவன் பெயராகிவிட்டது.

வாலுவின் வீட்டில் அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அம்மா போனதிலிருந்து அவர் பேச்சு சுருங்கிவிட்டது.

“அப்பா, வெள்ளைச் சட்டைக்கு யாராவது சிவப்பு நூல்ல தைப்பாங்களா?”

“இதுதான் கிடைச்சுது.”

“அம்மாவோட அவரைக்காயிலகூட இதே நூல்தான் கட்டியிருந்துச்சு.”

ஊசி நின்றது. “நூல் கட்டின காயா? அதையா விதைச்சே?”

“ஆமா. ஏன்?”

அம்மா விதைப் பண்ணையில் வேலை பார்த்தவர். “வெள்ளைப் பூவுல ஊதாப் பூவோட மகரந்தத்தை வெச்சா, அடையாளத்துக்கு நூல் கட்டுவா” என்றார் அப்பா. “அந்த விதையில ஊதாதான் பூக்கும். ஊதா ஓங்கி நிக்கும். வெள்ளை ஒடுங்கிடும்.”

“செத்துடுமா?”

“இல்ல. உள்ளேயே ஒளிஞ்சிருக்கும். அந்த ஊதாக் கொடியோட விதையை மறுபடி போட்டா, ஏறக்குறைய நாலுல ஒண்ணு வெள்ளையா வரும்.”

வாலுவுக்குக் காது மடல் சுட்டது. பஞ்சு திருடவில்லை. அம்மாவின் வெள்ளையைப் பிடுங்கி எறிந்தது அவள்தான்.

காலையில் தோட்டத்துக்கு ஓடினாள். அங்கே பஞ்சு குனிந்து உட்கார்ந்திருந்தான். ஓரத்துக் கொடி ஒன்று பாதி வேரோடு பிழைத்திருந்தது. அதற்கு மண் அணைத்து, குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

“எதுக்குடா இது?” என்றாள்.

“உங்க அம்மா கொடியாச்சே. ஊதாவாப் பூத்தா இல்லேன்னு ஆயிடுமா?”

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “பஞ்சு, நீ மாத்தல.”

“அது எனக்குத் தெரியுமே!”

“எல்லாருக்கும் தெரியணும்.”

வகுப்பில் டீச்சரிடம் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். நேற்றுக் கத்திய குரல் எங்கே போனதோ, காற்றுதான் வந்தது.

“கேக்கல!” என்றது கடைசி பெஞ்சு.

“பஞ்சு திருடல. நான்தான் தெரியாம பழி போட்டேன். அந்த ஊதாவுக்குள்ளேயே வெள்ளை ஒளிஞ்சிருக்கு.”

பஞ்சு உடனே வாயைத் திறந்தான். “அப்போ அந்த ஊதாதான்டா திருடன். வெள்ளையை ஒளிச்சு வெச்சிருக்கு!”

வகுப்பே சிரித்தது. வாலுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து பூவாளியை அவளே தூக்கினாள். பஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். “இன்னும் கொஞ்சம் ஊத்து. கஞ்சத்தனம் பண்ணாதே!”

காய் முற்றிக் காய்ந்தது. அடுத்த விதைப்பில் இருவரும் சேர்ந்தே விதைத்தார்கள். முதலில் பூத்தது ஊதா. அடுத்ததும் ஊதா. அதற்கடுத்ததும் ஊதா. வாலு வேலியோரம் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“திருட்டுச் சொத்து கிடைச்சிடுச்சு!” என்று குதித்தான் பஞ்சு.

மாலையில் அப்பாவை அழைத்து வந்தாள். அவர் சட்டையில் இன்னும் அதே சிவப்பு நூல் பொத்தான். வெள்ளைப் பூவை வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை.

“கொடியை யாரு காப்பாத்தினது?”

வாலு பஞ்சுவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். தோட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“இவன்தான்!”