பதினேழாவது நொடி

காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது அந்த அனிமேஷன் கம்பெனி. வாணியம்பாடியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தர்ஷினிக்கு ஜன்னலோர மேஜையைக் கொடுத்தார்கள். அந்த மூலையில் மட்டும் காயாத துணியின் வாடை.

கம்ப்யூட்டரில் படம் ஓடும் வேகத்தை அளந்து சரிசெய்வது அவள் வேலை. குழந்தைகளின் பாட ஆப் ஒன்றில் சிவப்புப் பாவாடைச் சிறுமி நடந்துபோவாள். நொடிக்கு அறுபது படங்கள் சீராக வந்தால்தான் நடை இயல்பாக இருக்கும். ஒன்று தாமதித்தாலும் சிறுமி நடையில் திக்குவாள்.

பதினேழாவது நொடியில் திக்கினாள்.

தினமும். தர்ஷினியின் கம்ப்யூட்டரில் மட்டும்.

பக்கத்து மேஜை உத்தமன்மேல் அவளுக்குச் சந்தேகம். அவள் டீக்கு எழுந்துபோய்த் திரும்பும்போதெல்லாம் அவள் நாற்காலியருகே நிற்பான். மேனேஜர் மௌரீனிடம் சொல்லிவிட்டாள்.

"என் ப்ரோகிராம்ல உத்தமன் கை வைக்கிறார் மேடம்."

அன்று மதியமே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பையை மாட்டிக்கொண்டு அவளருகே குனிந்தான்.

"நான் தொடலைங்க. நீங்க எழுந்து போனதும் இங்க கீபோர்டு சத்தம் கேக்கும். யாருன்னு பார்க்கத்தான் வருவேன்."

நல்லா கதை விடுறான் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி ஓட்டினாள்.

திக்கியது.

அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் என்ன வரைகிறது என்ற பதிவைத் திறந்தாள். வரைய வேண்டியது ஓர் உருவம். கணக்கில் இரண்டு இருந்தது. ஒவ்வொரு படமாக நகர்த்தி, அங்கே நிறுத்தினாள்.

சிறுமியின் பின்னால், திரையின் ஓரத்தில், ஒரு வெறுங்கால்.

அடுத்த படத்தில் அது இல்லை. அப்படியொரு காலை அந்த ஆபீசில் யாரும் வரைந்திருக்கவும் இல்லை.

உத்தமனுக்குப் போன் செய்தாள்.

"மன்னிச்சிடுங்க. தப்பு என்மேலதான். மேடம்கிட்ட சொல்லிடறேன், திரும்பி வாங்க."

"அந்த ரூமுக்கா? வேணாங்க."

கம்ப்யூட்டரை மாற்றினார்கள். அதன்பின் அளவு பிசகவேயில்லை. எல்லாப் படமும் நேரத்துக்கு வந்தது. ஆப் வெளியானது.

இரண்டு வாரம் கழித்து அல்சூர் பள்ளியிலிருந்து, ஆப்பை வகுப்பில் ஓட்டிக் காட்டும் சாந்தகுமாரி டீச்சர் போனில் கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லாருக்கும்மா, நடை எங்கயும் தடங்கலே இல்ல. ஒண்ணே ஒண்ணுதான், பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. பாப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு கூடவே ஒரு அம்மா நடந்து வர்றாங்களே..."

தர்ஷினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"...அவங்க முகத்தை எப்பம்மா காட்டுவீங்க?"