பதினெட்டுக் கைகள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மழலைப்பள்ளியில் அடுத்த வாரத்துக்கான பருவத்தைத் தேர்ந்தெடுப்போம். சுவரில் சித்திரை, ஐப்பசி, மார்கழி என்று மூன்று படங்கள் இருக்கும். நான் ஒவ்வொன்றாகத் தொட, பிள்ளைகள் கை தூக்குவார்கள். பருவப் பலகை எண்ணிக்கொள்ளும். திங்கள் முதல் எங்கள் நான்கு தெருக்களிலும் அந்தப் பருவம்தான். இந்தக் கடற்கரை நகரத்துக்குக் கூரை போட்ட நாளிலிருந்து இதுதான் வழக்கம். நாலு வயதுப் பிள்ளைகூட வானிலையைத் தீர்மானிக்கும் ஊர் என்று பீற்றிக்கொள்கிறோம். பாடத்தின் பெயர் ‘கூடி முடிவெடுத்தல்’.

பிள்ளைகள் கேட்பது எப்போதும் மார்கழிதான். பனி இறங்கும், ஸ்வெட்டர் போடலாம், வாயால் புகை விட்டு விளையாடலாம். இசக்கி மட்டும் வேண்டாம் என்றாள்.

இசக்கி கூரைக்கு வெளியே உள்ள வெளிக்கரைக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். அவள் அம்மா பேச்சி கூரையின் வெப்பக் குழாய்களைச் சுத்தம் செய்கிறாள். அந்த வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு வகுப்புக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு வாரமாக இவள் ஒருத்திதான் சித்திரைக்குக் கை தூக்கினாள். மூன்று வாரம் தொடர்ந்து வகுப்போடு ஒத்துப்போகாத பிள்ளைக்குக் ‘கூடி வாழாத போக்கு’ என்று குறிப்பு விழும். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

புதன்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரணம் கேட்டேன்.

“இங்க குளிருனா எங்க வீட்டுக்கிட்ட அனல் அடிக்கும்லா மிஸ். தம்பிக்கு முதுகெல்லாம் கொப்புளம்.”

எனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்போல்தான் சொன்னாள். எட்டு வருடமாகப் பருவங்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். இங்கே குளிரவைத்தால் இங்கிருந்த வெக்கை எங்கே போகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது.

மேற்பார்வையாளர் கிளாட்வினிடம் போனேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் தெரியுமாம். பிள்ளைகளுக்குப் பூ, மழை, பனி மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்றார். தின்பண்டத்தைப் பகிர்ந்துகொள்ளத் தினமும் பாட்டுப் பாடவைக்கிறோம். நம் வெக்கையை ஒரு கைக்குழந்தையின் முதுகில் இறக்கிவைப்பது மட்டும் பாடத்தில் வரக் கூடாதாம். என்ன நியாயம் இது?

மறுநாள் வகுப்பில் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. இசக்கிக்கு எட்டு மாதத் தம்பி இருக்கிறான், நமக்குக் குளிரும்போது அவனுக்குச் சுடுகிறது, அவ்வளவுதான். அந்தப் பாப்பாவிடம் ஃபேன் இருக்கிறதா என்று டெரன்ஸ் கேட்டான். இல்லை என்றாள் இசக்கி.

வெள்ளிக்கிழமை சித்திரையைத் தொட்டேன். வகுப்பின் பதினெட்டுக் கைகளும் எழுந்தன. எட்டு வருடத்தில் எந்தப் பாடத்தையும் என் பிள்ளைகள் இவ்வளவு நன்றாகப் படித்ததில்லை.

கால் மணி நேரத்தில் கிளாட்வின் வந்து பலகையை அணைத்தார். நான் பிள்ளைகளைத் தூண்டிவிட்டேனாம், முடிவு செல்லாதாம், மதியம் பெற்றோர் முன்னிலையில் மறுபடி நடக்குமாம். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், பிள்ளைகள் எடுத்த முடிவு முடிவுதான் என்றேன். அவர் பெற்றோரை அழைப்பதில் மும்முரமாக இருந்தார்.

மதியம் அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சித்திரை என்றதும் சில கைகள் எழப் பார்த்தன. பெற்றவர்கள் மெதுவாகப் பிடித்து இறக்கினார்கள். டெரன்ஸ் அழுதான். அவன் அப்பா பிஸ்கட் கொடுத்தார்.

இசக்கியின் கை மட்டும் நேராக நின்றது. மூன்றாவது வாரம். கிளாட்வின் குறித்துக்கொள்ளத் தயாரானார். பேச்சி வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், விரல்களில் கரி போகவில்லை. மகளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். நான் மார்கழியைத் தொட்டபோது அதே கையை அவளே தூக்கிப் பிடித்தாள்.

“இவளாவது உள்ள இருந்து படிக்கட்டும் மிஸ்” என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை பனி இறங்கியது. இசக்கியின் அறிக்கையில் ‘சமூக உணர்வு: நல்ல முன்னேற்றம்’ என்று தானாகப் பதிவாகியிருந்தது. அதன் கீழே என் கையெழுத்தைக் கேட்டார்கள். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் படங்களைத் தொடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிளாட்வினே தொட்டார். மார்கழி என்றதும் இசக்கி யாரும் சொல்லாமலே ஒரு கையைத் தூக்கினாள். இன்னொரு கையால் கண்களைப் பொத்திக்கொண்டாள். பலகை அவள் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம் போட்டது.